நோன்புக் கஞ்சிக்கு முன் ஒரு புகைக்கூடு



கொஞ்சம் நீண்ட பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், குசினியை உடைத்துத் திருத்த நினைப்பவர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

சொல்ல வருவது ஒரே விடயம்தான். விறகு எரிகிற இடத்தில் புகை வெளியேற ஒழுங்கான வழி இருக்க வேண்டும். அடுப்புக்கு முன்னால் நின்று சமைக்கிறவருக்கு அது நாம் கொடுக்க வேண்டிய உரிமை. வீட்டிலும் சரி, பள்ளிவாசலின் பின்பக்கத்திலும் சரி, இந்த உரிமையை நாம் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்.

2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 1,493 ரூபா. 2022 ஏப்ரல் கடைசியில் அதே சிலிண்டர் 4,860 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. இடையில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடு முழுக்க கேஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்து, இருந்த சிலிண்டரைப் பற்றவைக்கவே பயந்தோம். மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த வருட நோன்பு மாதம் முழுக்க அந்த நெருக்கடிக்குள்தான் போனது.

அப்போது களுபோவில, தெஹிவளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று எல்லாப் பக்கமும் விறகடுப்பு திரும்பி வந்தது. வீட்டின் பின் ஒடையில் மூன்று கல் வைத்தவர்கள், அனகி அடுப்பு வாங்கியவர்கள், பிளாட்டில் பல்கனியில் சிரட்டைக் கரி எரித்தவர்கள் என்று எல்லாரையும் கண்டோம். பழைய வீட்டுக்காரர்கள் சிலர் குசினி மூலையில் பல வருடமாகச் சாமான் அடுக்கி வைத்திருந்த பழைய அடுப்பு மேடையைத் துடைத்துத் தீ மூட்டினார்கள். மூட்டியதும் வீடு முழுக்கப் புகை. ஏனென்றால், அந்த மேடைக்கு மேலே இருந்த புகைக்கூடு இப்போது புகைக்கூடாக இல்லை.

கேஸ் வந்த பிறகு புகைக்கூடுகளுக்கு நாம் என்ன செய்தோம் என்று யோசித்துப் பாருங்கள். மழை உள்ளே வருகிறது என்று மேல்வாயைச் சீமெந்தால் மூடினோம். மேல்மாடி எழுப்பும்போது சிலாப் போட்டு நடுவிலேயே வெட்டினோம். டைல்ஸ் ஒட்டும்போது அழகாக இல்லை என்று கீழ்வாயை அடைத்தோம். வெளியே குட்டையாக மிஞ்சியிருந்த சிலவற்றின் பக்கத்தில் அயல் வீட்டு மூன்றாம் மாடிச் சுவர் எழும்பிவிட்டது. புது வீடுகளில் முன்னுக்கு விருந்தினர் பார்க்க ஒரு பென்ட்ரி, பின்னுக்கு உண்மையாகச் சமைக்க ஒரு சின்னக் குசினி. புகை, எண்ணெய், மீன் பொரிக்கிற வேலை எல்லாம் அந்தப் பின் குசினியில்தான் நடக்கிறது. அதற்குத்தான் யன்னலும் இல்லை, புகைக்கூடும் இல்லை.

"எங்கள் உம்மம்மா காலம் முழுக்க விறகில்தான் சமைத்தார், தொண்ணூறு வயது வரை இருந்தார்" என்று சிலர் சொல்வார்கள். அவர் எப்படிப்பட்ட குசினியில் சமைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் குசினி பெரும்பாலும் வீட்டை விட்டுத் தள்ளி இருந்தது. ஓட்டுக் கூரை, ஓடுகளுக்கு இடையில் இடைவெளி. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் கையளவு திறப்பு. புகைக்கூடு இல்லாத வீட்டிலும் கூரையே ஓரளவு புகையை வெளியே விட்டது. அப்படியும் கண்ணெரிச்சலும் இருமலும் அவருக்கு இருந்தது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்றைக்கு நாம் கட்டுவது கொங்கிரீட் சிலாப் போட்ட பெட்டி. அதற்குள் உம்மம்மாவின் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தால் உம்மம்மாவின் குசினி வராது.

இது யாருடைய நுரையீரல் என்ற கேள்வியும் இருக்கிறது. வீட்டுத் திட்டத்தைக் கீறும்போது மேசன் பாஸோடு பேசுவது வாப்பாமாரும் நானாமாரும். வாகனம் நிறுத்த இடம், ஹோலின் அகலம், முன் கேட் எல்லாம் விரிவாகப் பேசப்படும். குசினி பற்றிய பேச்சு டைல்ஸ் நிறத்தோடு முடியும். நோன்பு காலத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் அந்த அறைக்குள் நிற்கப்போகிற உம்மாமார், தாத்தாமாரிடம் யாரும் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் வீட்டுக்குள் உண்டாகும் புகை 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் உயிர்களைக் காவுகொண்டது. மாரடைப்பு, பக்கவாதம், நாட்பட்ட நுரையீரல் நோய், நுரையீரல் புற்றுநோய், சிறு பிள்ளைகளின் நியூமோனியா எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. இது எங்கேயோ தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்போது நம் நாட்டில் நான்கில் மூன்று பங்குக்கும் கூடுதலான குடும்பங்கள் விறகில்தான் சமைத்தன. கொழும்பில் அந்தப் பங்கு குறைவு. ஆனால் அந்தக் குறைவு ஒரு சிலிண்டரில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை 2022 காட்டியது.

இனி, புகைக்கூடு எப்படி வேலை செய்கிறது? இது தரம் 10 பிள்ளைக்கு விளங்குகிற விஞ்ஞானம்தான். ஒரு அட்டைப் பெட்டியின் மேல்பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டு, இரண்டிலும் குழாய் வையுங்கள். ஒரு குழாயின் கீழே பெட்டிக்குள் மெழுகுதிரி எரியட்டும். மற்றக் குழாயின் வாயில் புகைகிற ஊதுபத்தியைப் பிடியுங்கள். ஊதுபத்திப் புகை கீழே இறங்கிப் பெட்டிக்குள் போய், மெழுகுதிரிப் பக்கக் குழாயால் மேலே வரும். இப்போது ஊதுபத்திப் பக்க ஓட்டையை அட்டையால் மூடுங்கள். மெழுகுதிரிப் பக்கத்து ஓட்டமும் தடுமாறும். புகைக்கூடு பற்றித் தெரிய வேண்டியதில் பாதி இதற்குள் இருக்கிறது. மேலே போவதற்கு வழி இருந்தால் மட்டும் போதாது, உள்ளே வருவதற்கும் வழி வேண்டும்.

மற்றப் பாதி உயரமும் சூடும். குழாய்க்குள் இருக்கும் சூடான வாயு வெளிக் காற்றை விட இலேசானது. அந்தப் பார வித்தியாசம்தான் புகையை மேலே இழுக்கிறது. 4 மீற்றர் உயரப் புகைக்கூட்டுக்குள் 120 பாகை, வெளியே நம் ஊரின் 30 பாகை என்று வைத்துக் கணக்குப் போட்டால், இழுவை சுமார் 10 பாஸ்கல் வரும். ஒரு மில்லிமீற்றர் உயரத் தண்ணீர் கொடுக்கிற அழுத்தம் அவ்வளவுதான். குழாய்க்குள் 60 பாகைதான் இருந்தால் அது 4 பாஸ்கலாக விழும். ஒரு சிலந்தி வலையும் கொஞ்சம் கரியும் ஒரு மோசமான வளைவும் சேர்ந்தால் இவ்வளவு சிறிய விசையை நிறுத்திவிடலாம். இன்னொன்றும் கவனியுங்கள். வெளியே 0 பாகை குளிர் உள்ள நாட்டில் அதே புகைக்கூடு 15 பாஸ்கலுக்கு மேல் இழுக்கும். வெளிநாட்டு வீடியோ பார்த்து அதே அளவில் கட்டினால், நம் வெக்கையில் அது அந்தளவுக்கு இழுக்காது. நமக்கு உயரம் கூடுதலாகத் தேவை.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1785இல் கப்பல் பயணத்தில் இருந்தபோது, புகைக்கூடு ஏன் வீட்டுக்குள் புகையைக் கக்குகிறது என்பதற்கு ஒன்பது காரணங்களை வரிசைப்படுத்தி எழுதினார். முதலாவது காரணம், புது வீடுகள் இறுக்கமாகக் கட்டப்பட்டிருப்பதால் உள்ளே காற்று வர வழியில்லை என்பது. அடுத்து, அடுப்பின் வாய் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருப்பது. பிறகு, புகைக்கூடு குட்டையாக இருப்பது. இன்னொன்று, பக்கத்தில் அதை விட உயரமான கட்டடம் இருப்பது. 240 வருடங்களுக்கு முன் எழுதிய அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு களுபோவிலையின் எந்த ஒழுங்கைக்குள்ளும் நடக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டைக் காட்டலாம்.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

1. உயரம். கூரையை விட்டு வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி. 10 அடி தூரத்துக்குள் இருக்கும் கூரை முகடு, சுவர், தண்ணீர்த் தாங்கி எதையும் விட 2 அடி உயரம். பக்கத்து வீட்டு மாடிச் சுவர் பல அடி உயரமாக நிற்கிறது என்றால், காற்று அந்தச் சுவரில் மோதிக் கீழே இறங்கி உங்கள் புகையை உள்ளே தள்ளும். குழாயை உயர்த்துங்கள், அல்லது அடுப்பை வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள்.

2. அகலம். வாய் திறந்த அடுப்பு மேடை என்றால், புகைக்கூட்டின் உள்பரப்பு முன்வாயின் பரப்பில் பத்தில் ஒன்றுக்குக் குறையக் கூடாது. நம் வீடுகளில் போல் குட்டையான புகைக்கூட்டுக்கு எட்டில் ஒன்று. முன்வாய் 3 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் பத்தரை அங்குலச் சதுரம் தேவை. நாலங்குலக் குழாய் செருகிவிட்டு "இழுக்கவில்லை" என்று சொல்வதில் பயனில்லை. முன்வாயைச் சின்னதாக்குவதும் ஒரு வழி. மேலே ஒரு தகடு இறக்கிப் பாருங்கள், பல வீடுகளில் அதுவே போதும்.

3. பாதை. நேராக மேலே போகட்டும். சுவரில் ஓட்டை போட்டுக் குழாயைப் படுக்கையாக வெளியே நீட்டுவது புகைக்கூடு ஆகாது. அதில் உயரம் இல்லை, ஆகவே இழுவையும் இல்லை. வளைக்கத்தான் வேண்டும் என்றால் சரிவாக வளையுங்கள். எந்த இடத்திலும் ஒடுங்கக் கூடாது.

4. உள்ளே வரும் காற்று. அடுப்பு எரியும்போது ஒரு யன்னலோ கதவின் கீழ் இடைவெளியோ திறந்திருக்க வேண்டும். முக்கியமாக, அதே குசினியில் எக்ஸோஸ்ட் ஃபேன் ஓடவிட்டால், அது புகைக்கூட்டை விடப் பலமாக இழுக்கும். காற்று வர வேறு வழி இல்லையென்றால் புகைக்கூட்டின் வழியாகவே காற்றைக் கீழே இழுத்து, புகையையும் கூடவே கொண்டுவரும்.

5. சாமான். பீவீசீ குழாய் கூடவே கூடாது. உருகும், எரியும், நச்சுப் புகை விடும். செங்கல் அல்லது உலோகக் குழாய். கூரை மரத்தைத் தொட்டுக்கொண்டு சூடான உலோகக் குழாய் போகக் கூடாது. கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் காய்ந்த சீட்டை கிரைண்டரால் வெட்ட விடாதீர்கள். புகைக்குத் தப்பப் போய் அந்தத் தூசியைச் சுவாசிப்பதில் அர்த்தமில்லை.

6. மேல்மூடி. மழைக்கு மூடி வேண்டும், ஆனால் நாலு பக்கமும் தாராளமாகத் திறந்திருக்க வேண்டும். குருவி கூடு கட்டாமல் அகலக் கண் உள்ள கம்பி வலை போடலாம். அந்த வலையிலும் கரி பிடிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

7. விறகு. ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போகும். குழாய் சூடாகாது, இழுவை வராது, புகை மட்டும் கூடும். றப்பர் விறகு வாங்கினால் பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கிக் காயவிடுங்கள். பெயின்ட் அடித்த பலகை, சிப்போர்ட், பிளாஸ்டிக் எதையும் அடுப்பில் போட வேண்டாம்.

சோதித்துப் பார்ப்பதும் சுகம். அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒரு கடதாசியைச் சுருட்டிக் கொளுத்திப் புகைக்கூட்டின் கீழ்வாயில் பிடியுங்கள். குழாய் கொஞ்சம் சூடாகும், இழுவை தொடங்கும். அடுப்பு எரிகிறபோது ஊதுபத்தியை முன்வாயின் மேல் விளிம்பில் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே போனால் சரி. முகத்துக்கு வந்தால், மேலே சொன்ன ஏழில் ஒன்று பிழைத்திருக்கிறது. எந்நேரமும் ஊதாங்குழலும் கையுமாக இருக்க வேண்டியிருந்தால், அதுவும் விறகோ இழுவையோ சரியில்லை என்பதற்கு அடையாளம்.

அனகி அடுப்பு பற்றிப் பலர் கேட்பார்கள். நம் நாட்டில் 1980களில் வடிவமைத்த நல்ல அடுப்பு அது. இரண்டு சட்டி வைக்கலாம், விறகு மிச்சம். ஆனால் அதற்குப் புகைக்கூடு கிடையாது. விறகு மிச்சமாவதால் புகையே இல்லை என்று நினைத்து மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். புகைக்கூட்டுக்குக் கீழே, அல்லது நாலு பக்கமும் காற்றுப் படும் கொட்டிலில் வையுங்கள்.

பிளாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கரி எரியும்போது கண்ணுக்குத் தெரிகிற புகை குறைவு. அதனால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் தலைசுற்றி விழுவதற்கு முன் அது எதையும் அறிவிக்காது. பிளாட்டுக்குள் கரியோ விறகோ வேண்டவே வேண்டாம். பல்கனியில் எரித்தாலும் உங்கள் புகை மேல்மாடிப் பிள்ளையின் அறைக்குத்தான் போகும். அயலவரின் உரிமை பற்றி எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம். புகையும் அதற்குள் அடங்கும்.

புகைக்கூடு கட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களில் 500க்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவுகள் 2011இல் லான்செட் சஞ்சிகையில் வந்தன. புகைக்கூடுள்ள அடுப்பு கொடுத்த வீடுகளில் குழந்தைகள் சுவாசித்த புகையின் அளவு ஏறக்குறையப் பாதியானது. கடுமையான நியூமோனியா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் எல்லா வகை நியூமோனியாவையும் சேர்த்துப் பார்த்தபோது உறுதியான குறைவைக் காட்ட முடியவில்லை. இந்தியாவின் ஒடிசாவில் நடந்த இன்னொரு ஆய்வு இதைவிடக் கசப்பானது. புகைக்கூடுள்ள மண் அடுப்புகள் கொடுத்தார்கள். முதல் வருடம் புகை குறைந்தது. பிறகு திருத்தவில்லை, துப்புரவாக்கவில்லை, பாவிப்பதும் குறைந்தது. நாலு வருடம் தொடர்ந்து பார்த்தபோது சுகாதாரத்தில் நிலைத்த மாற்றம் எதுவும் இல்லை. கட்டுவதோடு வேலை முடிவதில்லை என்பதுதான் அந்தப் பாடம். வருடத்தில் ஒரு நாள் கரி தட்ட வேண்டும். நோன்புக்கு முன் வீடு கழுவும்போது புகைக்கூட்டையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

"கேஸ் இப்போது தாராளமாக இருக்கிறதே, ஏன் விறகைப் பற்றிப் பேச வேண்டும்?" என்று கேட்பீர்கள். கேஸும் மின்சாரமும் விறகை விடச் சுத்தமானவை, சந்தேகமில்லை. முடிந்தவர்கள் அவற்றையே பாவியுங்கள். ஆனால் இரண்டு விடயம். ஒன்று, கேஸ் இருக்கிற வீடுகளிலும் தண்ணீர் கொதிக்க வைக்கவும் சோறாக்கவும் விறகு எரிகிறது, செலவைச் சமாளிக்கத்தான். இரண்டாவது, நாம் எல்லாரும் சேர்ந்து விறகு எரிக்கிற ஒரு இடம் வருடாவருடம் இருக்கிறது. அதுதான் பள்ளிவாசலின் கஞ்சி அடுப்பு.

நோன்பு முப்பது நாளும் லுஹருக்கு முன்பின்னாக விறகு மூட்டுகிறார்கள். அஸர் தொழுதுவிட்டு வரும்போது பிள்ளைகள் ஜக்கோடும் வாளியோடும் வரிசையில் நிற்கிறார்கள். ரம்பை, இஞ்சி, தேங்காய்ப்பால் மணக்கிற அந்தக் கஞ்சியை முஸ்லிம் அல்லாத அயலவர்களும் வாங்கிப்போகிறார்கள். அழகான வழக்கம். அதைக் காய்ச்சுகிறவர் நிற்கிற இடத்தைப் பாருங்கள். பல இடங்களில் அது மதிலுக்கும் வுழூச் செய்யும் இடத்துக்கும் நடுவில், மேலே தகரம் அடித்த ஒரு மூலை. மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் திறப்பு. பெரிய சட்டியைக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், விலகி நிற்க முடியாது. நோன்பும் பிடித்துக்கொண்டு, பல மணித்தியாலம், அப்படி முப்பது நாள். புகை தகரத்தில் மோதி அவர் முகத்துக்கே திரும்புகிறது. மிஞ்சியது மதிலைத் தாண்டி அயல் வீட்டு யன்னலுக்குப் போகிறது.

என்னுடைய கோரிக்கை இதுதான். அடுத்த நோன்புக்கு முன் ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் தன் கஞ்சி அடுப்பைப் போய்ப் பார்க்கட்டும். சட்டி மேடையை மூன்று பக்கமும் சுவரால் அணைத்து, மேலே கூம்பு மாதிரி ஒடுங்குகிற கூடு எழுப்பி, அதிலிருந்து அயல் கூரைகளை விட உயரமாக ஒரு புகைக்கூடு கட்டலாம். கிண்டுகிறவர் நிற்கிற பக்கம் மட்டும் திறப்பு. விறகு வைக்க மழை படாத ஒரு தட்டு. வருடத்துக்கு ஒரு தடவை கரி தட்ட ஒரு ஆள். மேசன் பாஸைக் கூப்பிட்டு மதிப்பீடு எடுங்கள். பள்ளிக்கு ஏசியும் காப்பெட்டும் வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கிறது, சதகத்துல் ஜாரியா என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கஞ்சி காய்ச்சுகிறவரின் நெஞ்சைக் காப்பாற்றும் புகைக்கூடும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

இன்னொரு பயனும் உண்டு. 2022இல் கொழும்பில் சில தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் சமூக சமையலறை நடத்திப் பசி தீர்த்தன. அப்படியொரு நிலை மறுபடியும் வந்தால், பிளாட்டில் விறகு எரிக்க முடியாத குடும்பங்களுக்கும் பின் குசினியில் யன்னல் இல்லாத குடும்பங்களுக்கும் சேர்த்துச் சமைக்க, புகை ஒழுங்காகப் போகிற ஒரு பெரிய அடுப்பு ஊரில் தயாராக இருக்கும். முஸ்லிம்களுக்கு மட்டுமல்லாமல் ஒழுங்கை முழுக்கவும் அது பயன்படும்.

வீடு கட்டுகிறவர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. பழைய புகைக்கூடு இருந்தால் இடிக்காதீர்கள். மூடியிருந்தால் திறந்து, கரி தட்டி, மேல்மூடியைச் சரிபார்த்து வையுங்கள். புது வீடு என்றால், சிலாப் போடுவதற்கு முன் பின் குசினிக்கு மேலே ஒரு சதுரத் துவாரம் விடச் சொல்லுங்கள். அப்போது விடுவது எளிது, பிறகு கொங்கிரீட்டை உடைப்பது கஷ்டம். திட்டத்தைக் கீறிய காகிதத்தை ஒரு தடவை உம்மாவிடமும் மனைவியிடமும் காட்டி, அடுப்பு எங்கே வர வேண்டும், யன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேளுங்கள்.

இந்த வாரம் பள்ளிக்குப் போகிறவர்கள் தொழுகை முடிந்ததும் பின்பக்கம் போய் அந்தக் கஞ்சி மூலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்ததை அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் சொல்லுங்கள். நோன்புக்கு முதல் வாரம் பேசினால் காலம் போதாது.